காசு கொடுக்கும் விருந்தாளிகள்: தலைநகரில் ஒரு கட்டிலைத் தேடி...

புது தில்லி: கரோல் பாக் மெட்ரோ நிலையத்தின் படியிறங்கி வருபவரின் கையில் பெட்டியும் முதுகில் பையும் இருந்தால் போதும். அவர் பத்தடி நடப்பதற்குள் தரகர் ஒருவர் அருகில் வந்து நிற்பார். "ரூம் வேண்டுமா? தனியா, ஷேரிங்கா?" என்று ஹிந்தியில் கேட்பார். பதில் வருவதற்கு முன்பே பெட்டியை வாங்கித் தனது ஸ்கூட்டரின் முன்னே வைத்துக்கொள்வார்.

ஜூலை மாதம் இந்தத் தரகர்களுக்கு அறுவடைக் காலம். குடிமைப் பணிகளுக்கான முதல்நிலைத் தேர்வின் முடிவுகள் வந்து, தோற்றவர்களில் ஒரு பகுதியினர் ஊர் திரும்புவர். புதிய வகுப்புகளில் சேர நாடெங்கிலுமிருந்து வேறொரு கூட்டம் வந்திறங்கும். பழைய ராஜேந்தர் நகர், கரோல் பாக், வட தில்லியின் முகர்ஜி நகர் ஆகிய பகுதிகளில் ஒரு கட்டில் காலியாவதற்கும் நிரம்புவதற்கும் இடையே ஓர் இரவுகூட இருப்பதில்லை.

அப்படி வந்திறங்கியவர்களில் ஒருவருடன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நடந்தேன். சங்கரன்கோவில் பக்கத்துச் சிற்றூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி அவர். "பேர் மட்டும் போட்டுடாதீங்க அண்ணே. அப்பா தினமும் பேப்பர் படிப்பாங்க" என்றார். காலை 10 மணிக்குத் தொடங்கி மாலைக்குள் பதினோரு இடங்களில் மாடியேறி இறங்கினோம்.

முதலில் பார்த்த தனி அறை நான்காவது மாடியில் இருந்தது. ஒரு கட்டிலைப் போட்டபின் கதவை முழுவதுமாகத் திறக்க இயலாது. மாத வாடகை ரூ. 14,000. அவர் தலையசைத்து மறுத்ததும் தரகர் அலட்டிக்கொள்ளவில்லை. "மாலைக்குள் போய்விடும்" என்றார், அவ்வாறே போயிற்று. அடுத்த இடத்தில் ஒரு கூடத்தைப் பிளைவுட் பலகைகளால் நான்கு அறைகளாகத் தடுத்திருந்தனர். பலகைகள் கூரையைத் தொடவில்லை. ஒரே குளிர்சாதனப் பெட்டியின் காற்று நான்கு அறைகளுக்கும் போக வேண்டுமல்லவா! ஒருவர் இருமினால் மற்ற மூவருக்கும் கேட்கும். கூடத்துக்கு இருந்த ஒரே ஜன்னல் நான்கில் ஓர் அறைக்குள் சிக்கியிருந்தது. அந்த அறைக்கு ரூ. 1,500 கூடுதல். வெளிச்சத்துக்குத் தனி விலை வைக்கும் கலையைத் தலைநகரம் நன்கு கற்றிருக்கிறது.

பழைய ராஜேந்தர் நகர், பிரிவினையின்போது மேற்கு பஞ்சாபிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்களுக்காக உருவான குடியிருப்பு. அகதிக் குடும்பம் ஒன்றுக்குத் தரப்பட்ட சிறு மனையில் இன்று நான்கைந்து மாடிகள். ஒவ்வொரு மாடியிலும் ஆறேழு பேர். தலைக்கு மேல் ஒரு கூரை என்பது என்னவென்று தங்கள் தாத்தா பாட்டியிடம் கதையாகக் கேட்டு வளர்ந்தவர்கள்தாம் இன்றைய வீட்டு உரிமையாளர்களில் பலர்.

வாடகையைவிட வாடகைக்கு முன்னே வரும் கேள்விகளே கடினமானவை. "எந்த ஊர்?", "சைவமா?", "இரவு எத்தனை மணிக்குத் திரும்புவாய்?" ஆகியவற்றுக்கெல்லாம் சங்கரன்கோவில் இளைஞர் பதில் வைத்திருந்தார். "முழுப்பெயர் என்ன?" என்ற கேள்வியில்தான் தடுமாறினார். அவரது பெயருக்கு முன்னே தந்தை பெயரின் ஓரெழுத்து மட்டுமே உண்டு. "அது சரி, சர்நேம் என்ன?" என்று உரிமையாளர் விடவில்லை. தமிழகத்தில் பெயருக்குப் பின்னால் சாதியைச் சேர்க்கும் வழக்கம் பெரும்பாலும் ஒழிந்து இரண்டு மூன்று தலைமுறை ஆகிவிட்டது என்பதை லாஜ்பத் நகரிலோ ராஜேந்தர் நகரிலோ எப்படி விளக்குவது? அந்த வீட்டில், "யோசித்துச் சொல்கிறேன்" என்று பதில் வந்தது. தரகரின் மொழியில் அதற்கு "இல்லை" என்று பொருள்.

இது ஒரு தமிழ் இளைஞரின் தடுமாற்றம் மட்டுமன்று. தில்லியிலும் அதைச் சுற்றியுள்ள நகரங்களிலும் வாடகை வீடு தேடுவோரை சாதியும் மதமும் எப்படித் தடுக்கின்றன என்று சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஆராய்ந்து, 2015-இல் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வெளியிட்டனர். தலித்துகளும் முஸ்லிம்களும் பெயரைச் சொன்ன மாத்திரத்தில் மறுக்கப்படுவதை அந்த ஆய்வு பதிவு செய்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அருணாசலப் பிரதேச மாணவர் ஒருவர் லாஜ்பத் நகரில் தாக்கப்பட்டு உயிரிழந்ததை அடுத்து மத்திய அரசு அமைத்த பெஸ்பருவா குழு, வடகிழக்கு மாநிலத்தவர் தில்லியில் வாடகை வீடு பெறுவதில் சந்திக்கும் பாகுபாட்டையும் எடுத்துரைத்தது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2)-ஆவது பிரிவு கடை, உணவகம், கிணறு, குளம், சாலை ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அங்கெல்லாம் சாதி, மத, பாலினப் பாகுபாடு கூடாது என்கிறது. வாடகைக்கு விடப்படும் வீடு அப்பட்டியலில் இல்லை. தீண்டாமையின் பெயரால் குடியிருப்பை மறுப்பது 1955-ஆம் ஆண்டின் குடியுரிமைகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்தான். ஆனால், "யோசித்துச் சொல்கிறேன்" என்பதை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது?

கணக்கு இதுதான்: ஒருவழியாக ஓரிடம் ஒத்துவந்தது. இருவர் தங்கும் அறையில் ஒரு கட்டில், மாதம் ரூ. 11,000. முன்பணம் ஒரு மாத வாடகை. தரகுக்கூலி அரை மாதம். ஆக முதல் இரவு தலை சாய்ப்பதற்கு முன் ரூ. 27,500. உணவு தனி. மின்சாரம் தனி, உள்மீட்டரில் யூனிட்டுக்கு ரூ. 12.

மின்சாரத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். தில்லியில் வீட்டு இணைப்புக்கு மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லை என்ற திட்டம் 2019 ஆகஸ்ட் மாதம் தொடங்கியது. வாடகைக்குக் குடியிருப்போருக்கு அதன் பயன் போய்ச் சேரவில்லை என்ற புகார் எழுந்ததால், அடுத்த மாதமே வாடகைதாரர்களுக்கான முன்கட்டண மீட்டர் திட்டத்தை அன்றைய தில்லி அரசு அறிவித்தது. வாடகை ஒப்பந்தமும் வாடகை ரசீதும் காட்டினால் போதும், உரிமையாளரின் சம்மதம் தேவையில்லை என்றனர். நல்ல திட்டம். ஆனால் பிளைவுட் தடுப்புக்குப் பின்னால் கட்டில் ஒன்றை மட்டும் எடுத்திருப்பவரிடம் ஒப்பந்தம் ஏது, ரசீது ஏது? மானியம் நின்ற இடத்திலிருந்து உள்மீட்டர் தொடங்குகிறது.

தமிழக அரசு 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் குடிமைப் பணித் தேர்வுக்குத் தயாராகும் ஆயிரம் பேரைத் தேர்ந்தெடுத்து, பத்து மாதங்களுக்கு மாதம் ரூ. 7,500 வழங்குகிறது. அத்தொகை பழைய ராஜேந்தர் நகரில் நாங்கள் பார்த்த எந்தக் கட்டிலின் வாடகைக்கும் போதாது. நம்முடன் நடந்தவர் அந்த ஆயிரத்திலும் இல்லை. அவரது தந்தை கூட்டுறவு வங்கியில் நகையை அடகு வைத்துப் பணம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

2024-ஆம் ஆண்டு குடிமைப் பணித் தேர்வுக்கு விண்ணப்பித்தோர் 9.92 லட்சம் பேர். இறுதியில் பரிந்துரைக்கப்பட்டவர்கள் 1,009 பேர். எஞ்சியவர்களில் எத்தனை பேர் எத்தனை ஆண்டுகள் இந்தத் தெருக்களில் வாடகை கொடுத்தார்கள் என்பதற்கு மட்டும் எந்த அறிக்கையிலும் எண் இல்லை.

நாற்காலியும் வாடகைக்கு: அறை படுப்பதற்கு மட்டுமே போதுமானது என்பதால், படிப்பதற்கு வேறோர் இடம் தேவைப்படுகிறது. இப்படித்தான் இப்பகுதிகளில் 'நூலகம்' என்ற வணிகம் தழைத்தது. பெயர்தான் நூலகம், உள்ளே புத்தகம் இருக்காது. ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு விளக்கு, வைஃபை. மாத வாடகைக்கு விடப்படும் இருக்கை அது. சதுர அடிக்கு மிகக் குறைந்த செலவில் இருக்கைகளைப் போடத் தகுந்த இடம் எது? தரைக்குக் கீழேயுள்ள தளம்.

2024 ஜூலை 27-ஆம் தேதி மாலை பெய்த மழையில், பழைய ராஜேந்தர் நகரில் உள்ள பயிற்சி மையம் ஒன்றின் கீழ்த்தளத்துக்குள் வெள்ளம் புகுந்தது. பொருள்களை வைப்பதற்கு மட்டுமே அனுமதி பெற்றிருந்த அத்தளம் நூலகமாக இயங்கி வந்தது. அங்கிருந்த மாணவர்களில் மூவர் நீரில் மூழ்கி உயிரிழந்தனர், இருவர் பெண்கள். வழக்கை தில்லி உயர்நீதிமன்றம் சிபிஐ வசம் ஒப்படைத்தது. ஆகஸ்ட் 5-ஆம் தேதி உச்சநீதிமன்றம் தானாகவே இப்பிரச்னையைக் கையிலெடுத்து, பயிற்சி மையங்கள் மரணக் கூடங்களாகிவிட்டன என்று கடிந்துகொண்டது.

முகர்ஜி நகர் அதற்கு ஓராண்டு முன்பே எச்சரித்திருந்தது. 2023 ஜூன் 15-ஆம் தேதி பயிற்சி மையம் ஒன்றில் தீப்பற்றியபோது, மாணவர்கள் ஜன்னல் வழியே கயிற்றைப் பிடித்து இறங்கிய காட்சியை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அங்குள்ள மாணவியர் விடுதி ஒன்றில் தீப்பிடித்து, முப்பதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். மாடிப்படியின் கீழே மின்மீட்டர் பலகை. ஏறி இறங்க அந்த ஒரே படி. நாங்கள் ஏறிய பதினோரு மாடிகளில் எட்டின் அமைப்பு இதுவே.

2024-இல் மூவர் இறந்தபின் மாநகராட்சி கீழ்த்தளங்களுக்கு வரிசையாக சீல் வைத்தது. தவறென்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் கீழ்த்தளத்து நாற்காலிகள் மறைந்ததும், மேல்தளத்து நாற்காலிகளின் வாடகை ஏறியது. அன்று தெருவில் அமர்ந்து போராடிய மாணவர்களின் கோரிக்கைகளில் வடிகாலுடன் வாடகையும் இடம்பெற்றிருந்தது. வடிகாலைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள்.

அவையில் நடந்தது: இதில் கசப்பான ஒரு பொருத்தம் உண்டு. அந்தத் துயரத்துக்கு நான்கு நாள்கள் முன்னர்தான், ஜூலை 23-ஆம் தேதி, நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் மக்களவையில் பட்ஜெட் உரையைப் படித்தார். வெளிப்படையான, திறன்மிக்க வாடகை வீட்டுச் சந்தைக்கான கொள்கைகளும் விதிமுறைகளும் கொண்டுவரப்படும் என்ற வாக்கியம் அதில் இருந்தது. தொழிலாளர்களுக்கு டார்மிட்டரி பாணியில் வாடகைக் குடியிருப்புகள் என்ற அறிவிப்பும் இருந்தது. செய்தியாளர் மாடத்தில் இருந்த எங்களில் பலர் வருமான வரி விகிதத்துக்காகக் காத்திருந்தோம். அந்த வாக்கியத்தை அடிக்கோடிட்டவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள். நானும் அடிக்கோடிடவில்லை.

ஜூலை 29-ஆம் தேதி இரு அவைகளிலும் மாணவர்களின் மரணம் எழுப்பப்பட்டது. மாநிலங்களவையில் குறுகிய கால விவாதம் நடந்து, கல்வி அமைச்சர் தர்மேந்திர பிரதான் பதிலளித்தார். பயிற்சி என்பது வணிகமாகிவிட்டது என்று அன்றைய அவைத் தலைவர் ஜகதீப் தன்கர் வருந்தினார். விவாதத்தின் பொருள் பயிற்சி மையம். அம்மாணவர்கள் படிப்பதற்கு ஏன் அறையைவிட்டு வெளியேற வேண்டியிருக்கிறது என்பது அதன் பொருளாக இல்லை.

உண்மையில் தில்லியின் வாடகை நாடாளுமன்றத்துக்குப் புதிய விஷயமன்று. 1958-ஆம் ஆண்டின் தில்லி வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் நாடாளுமன்றம் இயற்றியதே. 1988-இல் அதைத் திருத்தி, மாத வாடகை ரூ. 3,500-க்கு மேற்பட்ட இடங்களுக்குச் சட்டம் பொருந்தாது என்று சேர்த்தார்கள். அன்று அது பெரிய தொகை. அந்த வரம்பு அப்படியே நிற்க, வாடகை மட்டும் நகர்ந்தது. இன்று ரூ. 3,500-க்குள் வாடகை கொடுப்போர் பெரும்பாலும் பழைய கடைகளின் பழைய குடிவாரிசுகள். புதிதாக வருபவருக்கு அச்சட்டத்தின் கதவு மூடியே இருக்கிறது.

இந்த முரண்பாட்டைத் தீர்க்க 1995-இல் புதிய தில்லி வாடகைச் சட்டத்தை இரு அவைகளும் நிறைவேற்றின. குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. நடைமுறைக்கு வரும் தேதியை அரசிதழில் அறிவிப்பது ஒன்றே பாக்கி. பழைய வாடகையில் கடை நடத்திய வணிகர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். தேதி அறிவிக்கப்படவே இல்லை. 1997-இல் திருத்த மசோதா வந்தது. 2013-இல் சட்டத்தையே ரத்து செய்யும் மசோதா மாநிலங்களவையில் அறிமுகமானது. நடைமுறைப்படுத்தச் சொல்லி ஒரு பொதுநல அமைப்பு உச்சநீதிமன்றம் சென்றபோது, அவ்வாறு அரசுக்குக் கட்டளையிட இயலாது என்று 2003-இல் தீர்ப்பு வந்தது. நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஒரு சட்டம் முப்பது ஆண்டுகளாகப் பிறந்தும் பிறக்காத நிலையில் கிடக்கிறது. காங்கிரஸ், ஐக்கிய முன்னணி, பாஜக என்று எல்லோரும் ஆண்டுவிட்டார்கள்; இந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் கருத்து வேற்றுமை இருந்ததில்லை.

2021 ஜூன் மாதம் மத்திய அமைச்சரவை மாதிரி வாடகைச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்து, மாநிலங்களுக்கு அனுப்பியது. வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மேல் கூடாது, எழுத்துபூர்வ ஒப்பந்தம் கட்டாயம், தகராறு இருந்தாலும் குடிநீரையும் மின்சாரத்தையும் துண்டிக்கக் கூடாது என்பவை அதன் நல்ல அம்சங்கள். ஆனால் ஹோட்டல், தங்கும் விடுதி, சத்திரம் போன்றவை அதன் வரம்புக்கு வெளியே. இங்கேதான் 'பேயிங் கெஸ்ட்' என்ற சொல்லின் சாமர்த்தியம் விளங்கும். வாடகைதாரர் என்றால் அவருக்குச் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. காசு கொடுக்கும் விருந்தாளிக்கோ, உரிமையாளர் திரும்பப் பெறும்வரை தங்கிக்கொள்ள ஓர் அனுமதி மட்டுமே. 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம் 'லைசென்ஸ்' என்று சொல்வது இதைத்தான்.

வரி விதிப்போரின் கண்ணுக்கு மட்டும் இந்த விருந்தாளி நன்றாகவே தெரிகிறார். 2023-இல் கர்நாடகத்தின் முன்கூட்டிய தீர்ப்பு ஆணையம், இத்தகைய விடுதிகளுக்கு 12 சதவீத ஜிஎஸ்டி உண்டு என்றது. எதிர்ப்பு எழுந்தபின், ஒருவருக்கு மாதம் ரூ. 20,000 வரை, குறைந்தது 90 நாள்கள் தங்குவதாக இருந்தால் வரி இல்லை என்று ஜிஎஸ்டி கவுன்சில் 2024 ஜூனில் பரிந்துரைத்தது. காவல் துறைக்கும் அவரைத் தெரியும். குடிவருவோரின் விவரங்களைக் காவல் நிலையத்தில் தராத உரிமையாளர்மீது வழக்கு உண்டு. வரிக்கும் காவலுக்கும் தெரிபவரை வாடகைச் சட்டத்துக்குத் தெரியவில்லை.

தமிழகம், பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகளை முறைப்படுத்த 2014-இல் தனிச்சட்டம் இயற்றி, உரிமத்தைக் கட்டாயமாக்கியது. அமலாக்கத்தில் ஓட்டைகள் இருக்கலாம். எதை மீறினார்கள் என்று சொல்லவாவது ஒரு சட்டம் இருக்கிறது. தில்லியில் நான் ஏறிய மாடிகளில் உரிமம் எதையும் சுவரில் காணவில்லை.

உரிமையாளரின் அச்சம்: எல்லாப் பழியையும் வீட்டுக்காரர்மீது போடுவதும் நியாயமாகாது. மூன்றாம் மாடியை மாணவியருக்கு விட்டிருக்கும் முதிய விதவை ஒருவர், "இந்த வாடகைதான் என் பென்ஷன். யாராவது ஒருவர் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால், வழக்கு முடியும்போது நான் இருக்க மாட்டேன்" என்றார். தலைமுறை தலைமுறையாகச் சில நூறு ரூபாய் வாடகையில் தொடரும் கடைகளைத் தில்லிக்காரர்கள் பார்த்தே வளர்ந்திருக்கிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்ய வேண்டும் என்பதால்தான், நாடெங்கும் ஒப்பந்தம் 11 மாதத்தோடு நிற்கிறது.

இந்த அச்சத்தின் விளைவு நாட்டின் கணக்கில் தெரிகிறது. 1961-இல் நகர்ப்புறக் குடியிருப்புகளில் 54 சதவீதமாக இருந்த வாடகை வீடுகளின் பங்கு, 2011-இல் 28 சதவீதமாகச் சுருங்கியது என்கிறது 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை. அதே 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நகரங்களில் பூட்டிக்கிடந்த வீடுகள் ஒரு கோடிக்கு மேல். தில்லியின் விளிம்பில், பவானாவிலும் நரேலாவிலும், ஏழைகளுக்காக அரசுப் பணத்தில் கட்டிய ஆயிரக்கணக்கான குடியிருப்புகள் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. அத்தகைய வீடுகளை வாடகைக்கு விடும் திட்டத்துக்கு 2020 ஜூலையில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பயனாளிகள் பட்டியலில் மாணவர்களும் இருந்தனர். பவானாவிலிருந்து ராஜேந்தர் நகர் வகுப்புக்குத் தினமும் எப்படி வருவது என்பது திட்டத்தின் கேள்வியன்று.

கல்வி நிலையத்துக்குள் கிடைக்கும் அறையின் மதிப்பு இதனால்தான் உயர்கிறது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக விடுதியில் இருவர் அறைக்கு மாதம் ரூ. 10 ஆக இருந்த வாடகையை ரூ. 300 ஆக்கும் முடிவு 2019-இல் வந்தபோது, மாணவர்கள் நவம்பர் 18-ஆம் தேதி நாடாளுமன்றம் நோக்கிப் பேரணி புறப்பட்டனர். முந்நூறு ரூபாய்க்கா இத்தனை கலாட்டா என்று தொலைக்காட்சிகளில் கேலி பேசினர். விடுதிக்கு வெளியே அதே கட்டிலின் விலை என்ன என்று யாரும் கேட்கவில்லை.

இருபது ஆண்டுகளுக்கு முன் இக்கட்டுரையாளரும் இதே கரோல் பாகில் 'பர்சாத்தி' எனப்படும் மொட்டைமாடி அறை தேடி அலைந்தவர்தான். போலீஸ்காரர், வக்கீல், பத்திரிகையாளர் ஆகிய மூவருக்கும் வீடு கிடையாது என்று தரகர் முதல் நாளே சொல்லிவிட்டார். காரணம் எளிது: மூவருக்கும் சட்டம் தெரியும், எனவே காலி செய்ய மாட்டார்கள். தொழிலை மறைக்காமல் கடைசியில் கிடைத்த அறையை 11-ஆவது மாதம் காலி செய்யச் சொன்னார்கள், செய்தேன். வெள்ளையடிக்க என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆறு மாதம் கழித்து ஒரு கடிதத்தை வாங்கிவரப் போனபோது, நான் ஆணியடித்த இடம் சுவரில் அப்படியே இருந்தது. எனக்குத் தெரிந்த சட்டம் எதுவும் உதவவில்லை என்பதை அந்தத் தரகரிடம் சொல்ல வாய்க்கவில்லை.

சங்கரன்கோவில் இளைஞர் ரூ. 11,000 கட்டிலை எடுக்கவில்லை. மாலை 6 மணிக்கு, மூவர் தங்கும் அறையில் ரூ. 9,500-க்கு ஒரு கட்டிலை முடித்தார். ஆதார் நகல் வாங்கிக்கொண்டு, நிபந்தனைகள் அச்சிட்ட ஒரு தாளில் கையெழுத்துப் பெற்றனர். உரிமையாளர் எப்போது சொன்னாலும் காலி செய்ய வேண்டும். தாமே காலி செய்வதானால் ஒரு மாதம் முன்னதாகச் சொல்ல வேண்டும். ஒன்பதாவது நிபந்தனை: விருந்தாளிகளுக்கு அனுமதி இல்லை.

மறுநாள் காலை அவர் படிக்க நாற்காலி தேடிப் புறப்பட்டார். தரைக்கு மேலே உள்ளதாகப் பார்க்கச் சொல்லி அப்பா போனில் கூறியிருந்தாராம். இரண்டு நூலகங்களில் இடமில்லை. மூன்றாவதில் பெயரையும் கைப்பேசி எண்ணையும் எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த மாதம் 1-ஆம் தேதி வந்து பார்க்கச் சொன்னார்கள்.